தானாக நகரும் கோல்ஃப் பை: ரிமோட் டிராலி யாருக்கு, எதற்கு?

1913 செப்டம்பரில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியை வென்றபோது பிரான்சிஸ் விமெட்டுக்கு வயது 20. அவர் தொழில்முறை ஆட்டக்காரர்கூடக் கிடையாது. பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் மைதானத்துக்கு எதிர்வீட்டுப் பையன். பிரிட்டனின் பெரும்புள்ளிகளான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் பிளே-ஆஃபில் அவர் மடக்கியது அன்று உலகச் செய்தி. ஆனால், அந்த நாளின் புகைப்படத்தைப் பார்க்கிறவர்களின் கண் விமெட்டிடம் நிற்பதில்லை. அவர் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு நடக்கும் 10 வயது எடி லவ்ரியிடம் போய்விடுகிறது. கோல்ஃப் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கேடி, அதாவது பை சுமப்பவர், அந்தச் சிறுவன்தான்.

பந்தை அடிப்பது ஒருவர், பையைச் சுமப்பது இன்னொருவர் என்பதுதான் இந்த ஆட்டத்தின் பழைய ஏற்பாடு. அந்த இன்னொருவர் மேற்கு நாடுகளின் சாதாரண கிளப்புகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துபோனார். அவர் விட்டுப்போன இடத்தில்தான் இன்று மூன்று நான்கு சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும் ஒரு லித்தியம் பேட்டரியும் கொண்ட வண்டி ஒன்று தானாக உருண்டுகொண்டிருக்கிறது. ஆட்டக்காரர் கையில் சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட். பொத்தானை அழுத்தினால் பை முன்னால் போகும், திரும்பும், நிற்கும். இன்னும் சில வண்டிகள் பொத்தானையும் கேட்பதில்லை. எஜமானர் நடக்க நடக்கப் பின்னாலேயே வருகின்றன.

பார்க்க விளையாட்டுச் சாமான்போல இருந்தாலும், விலை ஒரு நல்ல ஸ்கூட்டரோடு போட்டி போடும். அதனால்தான் எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விகள் கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே ஓயாமல் புரள்கின்றன.

பை கனத்த கதை

விமெட் காலத்துப் பை சிறியது. அடுத்த இருபதாண்டுகளில் எஃகுத் தண்டு கொண்ட மட்டைகள் வந்தன. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு மட்டை என்று ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள். 20, 25 மட்டைகளோடு களமிறங்கியவர்கள் உண்டு. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938-இல் கடிவாளம் போட்டது: ஒருவருக்கு 14 மட்டைகள், அதற்கு மேல் கூடாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் அமைப்பு மறு ஆண்டு அதே விதியைக் கொண்டுவந்தது. இன்றுவரை அந்த எண் மாறவில்லை.

மட்டை எண்ணிக்கை நின்றாலும் பை இளைக்கவில்லை. பந்துகள், குடை, மழை அங்கி, தண்ணீர், தூரம் பார்க்கும் கருவி, தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் 10 முதல் 15 கிலோ. 18 குழி ஆட்டத்துக்கு நடக்க வேண்டிய தூரம், பந்து போகும் கோணலைப் பொறுத்து, 8 முதல் 10 கிலோமீட்டர். நாலு மணி நேரம் மேடு பள்ளத்தில் இந்தச் சுமையோடு நடப்பது இளைஞர்களுக்குப் பயிற்சி, அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தோள்வலி.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பேக் பாய் நிறுவனம் மடக்கக்கூடிய இரண்டு சக்கரக் கைவண்டியைச் செய்தது. 1950-களில் உட்கார்ந்து ஓட்டும் கோல்ஃப் கார் பரவியது. கிளப்புகளுக்கு அது வாடகை வருமானம், ஆட்டக்காரர்களுக்குச் சொகுசு. அமெரிக்காவின் பெரும்பாலான மைதானங்களில் கேடிகளின் வேலை அப்படித்தான் போனது.

நடப்பது இந்த ஆட்டத்தின் உயிர்நாடியா, இல்லையா என்பது நீதிமன்றப் படியேறிய வழக்காகவும் ஆனது. வலதுகாலில் பிறவி ரத்தஓட்டக் கோளாறு உள்ள கேசி மார்ட்டின், போட்டிகளில் கார் ஓட்டிக்கொண்டு ஆட அனுமதி கேட்டார். தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் மறுத்தது. 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மார்ட்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பந்தை மட்டையால் அடித்துக் குழியில் சேர்ப்பதுதான் ஆட்டத்தின் சாரம், நடை அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

மருத்துவம் வேறு பக்கம் நிற்கிறது.

நடந்தால் என்ன லாபம்?

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே வயது, பாலினம், பொருளாதாரப் பின்புலம் கொண்ட மற்றவர்களைவிட இவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு. ஆயுளில் ஏறக்குறைய 5 ஆண்டு கூடுதல். ஆரோக்கியமானவர்கள்தான் கோல்ஃப் ஆட வருகிறார்கள் என்ற எதிர்வாதத்துக்கு இதில் இடமுண்டு. ஆனாலும், வாரந்தோறும் பல கிலோமீட்டர் நடக்கிற பழக்கத்துக்கும் இதில் பங்கிருக்கும் என்பதை ஆய்வாளர்கள் சுட்டினார்கள்.

டிராலி பற்றிய பேச்சில் அடிக்கடி வருவது இன்னொரு ஆய்வு. கொலராடோ மாநிலத்தின் டென்வரைச் சேர்ந்த நீல் வோல்காடாஃப், எட்டு ஆட்டக்காரர்களுக்கு அளவுக்கருவிகளை மாட்டி, மேடான மைதானம் ஒன்றில் ஒன்பது குழிகள் ஆடவைத்தார். பையைத் தோளில் சுமந்து ஆடியபோது எரிந்தது 721 கலோரி. கைவண்டியைத் தள்ளியபோது 718. கேடி சுமந்தபோது 613. காரில் போனபோது 411.

சுமப்பதற்கும் தள்ளுவதற்கும் கலோரியில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஆட்ட எண்ணிக்கையைப் பார்த்தால் கதை வேறு: சுமந்து ஆடியவர்களின் சராசரி 45 அடி, காரில் போனவர்கள் 43, கேடியோடு 42, கைவண்டியோடு 40. கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் வெற்றி. எட்டே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைக் கல்வெட்டாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் ஒன்று புரிகிறது: நடை ஆட்டத்தைக் கெடுப்பதில்லை, தோளில் ஏறும் சுமைதான் கெடுக்கிறது. மின் டிராலி அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. அதோடு ஆடுகிறவரின் நிலை, கேடியோடு நடக்கிறவரின் நிலைக்கு நெருக்கமானது என்று எடுத்துக்கொள்ளலாம். கை இரண்டும் சும்மா இருக்கும்; கால் மட்டும் வேலை செய்யும்.

பிரிட்டன் பிடித்துக்கொண்ட வண்டி

அமெரிக்கர்கள் காருக்குள் ஏறிக்கொண்டார்கள் என்றால், பிரிட்டன்காரர்கள் நடப்பதை விடவில்லை. அதனால் மின் டிராலியின் தாயகம் பிரிட்டன்தான் ஆனது. பவாகேடி நிறுவனம் 1983-இல் தொடங்கியது. மோட்டோகேடி 2004-இல் வந்தது. ரிமோட் வண்டியையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது குளோஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கோல்ஃப். இன்று பிரிட்டிஷ் கிளப் எதற்குப் போனாலும் காலை நேரத்தில் மின் டிராலிகள் வரிசையில் நிற்கும். அங்கிருந்தும் கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஊருக்கு வரும் தமிழர்கள் சிலரின் பேச்சிலும் இந்த வண்டி இப்போது தலைகாட்டுகிறது.

சந்தையில் இருப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். முதல் வகை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டிய சாதாரண மின் டிராலி. மோட்டார் தள்ளும், திருப்புவது நாம். இரண்டாவது, ரிமோட்டில் ஓடுவது: மோட்டோகேடியின் எம்7, பவாகேடியின் ஆர்எக்ஸ்1, ஆஸ்திரேலிய நிறுவனமான எம்ஜிஐ-யின் ஸிப் நேவிகேட்டர் ஆகியவை இதில் சேரும். மூன்றாவது, பின்தொடர்வது: ஸ்டூவர்ட்டின் கியூ ஃபாலோ இதற்குத் தெரிந்த பெயர். நான்காவது, ஏற்கெனவே இருக்கும் கைவண்டியில் பொருத்திக்கொள்ளும் மோட்டார் சக்கரம். ஆல்ஃபர்ட் நிறுவனத்தின் கிளப் பூஸ்டர் இந்த ரகம். கைவண்டியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு நான்காவது வகை தோது.

பிரிட்டனில் முதல் வகை சில நூறு பவுண்டில் கிடைத்துவிடும். ரிமோட் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். பின்தொடரும் வண்டி இரண்டாயிரத்துக்கு மேல். இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சுங்கவரியும் சேரும்.

இரண்டு மோட்டாரின் சூட்சுமம்

ரிமோட் டிராலியில் ஸ்டீயரிங் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். இடது மோட்டார் மெதுவாகி வலது மோட்டார் வேகமெடுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். முன்சக்கரம் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம்போல எந்தப் பக்கமும் சுழன்று கொடுக்கும். திருப்பம் சுலபம், நேராகப் போவதுதான் சிரமம்.

சமதரையில் எல்லா வண்டியும் ஒழுங்காகப் போகும். பக்கவாட்டுச் சரிவில்தான் சோதனை. சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் சக்கரத்தில் பளு கூடுகிறது, மேல்பக்கச் சக்கரம் பிடிப்பை இழக்கிறது, வண்டி மெல்லப் பள்ளத்தைப் பார்த்து முகம் திருப்புகிறது. ரிமோட் வைத்திருப்பவர் ஓயாமல் திருத்திக்கொண்டே வர வேண்டும். கொஞ்சம் அசந்தால் பையும் வண்டியும் குளத்துக்குள் போய்விடும். எம்ஜிஐ போன்ற நிறுவனங்கள் திசைமாற்றத்தை உணரும் ஜைரோஸ்கோப்பை வைப்பது இதற்காகத்தான். வண்டி கோணினால் கணினி உடனே இரு மோட்டார்களின் வேகத்தையும் சரிசெய்கிறது. சரிவுகள் உள்ள மைதானத்தில் ஆடுகிறவர் ரிமோட் டிராலியில் முதலில் கேட்க வேண்டிய வசதி இது.

அடுத்தது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய நான்காவது சக்கரம். செங்குத்தான மேட்டில் ஏறும்போது பையின் எடை பின்னுக்குச் சாய்ந்து வண்டி மல்லாந்துவிடாமல் காப்பது அதுதான். கைப்பிடியில் ஆள் இல்லாத வண்டிக்கு இது அலங்காரம் ஆகாது. மூன்றாவது, இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கும் மின்பிரேக். நான்காவது, ரிமோட் தொடர்பு அறுந்தால் வண்டி தானாக நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு. ரிமோட் எட்டும் தூரத்தை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லும். நடைமுறையில் 20, 30 மீட்டருக்கு அப்பால் வண்டியைத் தனியே விட்டால், அதன் முன்னால் இருக்கும் பள்ளமோ மணற்குழியோ கண்ணுக்கே தெரியாது.

பின்தொடரும் வசதியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டூவர்ட் வண்டி ஆட்டக்காரர் வைத்திருக்கும் கைக்கருவியின் புளூடூத் சிக்னலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மனித உடல் நன்றாகவே உறிஞ்சிவிடும். கருவி முன்பாக்கெட்டில் இருந்தால் நடுவில் உடம்பே சுவராகிவிடும். அதனால் பின்பக்கம், இடுப்பிலோ பின்பாக்கெட்டிலோ வைப்பதே வழக்கம். இன்னொன்று: அந்த வண்டிக்கு ஆளைத் தெரியும், வழி தெரியாது. ஆட்டக்காரர் மரத்தைச் சுற்றிப் போனால் வண்டி குறுக்கே வந்து மரத்தில் முட்டலாம். ஃபேர்வே எனப்படும் திறந்த புல்வெளிப் பாதையில் பின்தொடரவிட்டு, மரம், நீர்நிலை, குறுகிய பாலம் வரும்போது ரிமோட்டுக்கு மாறுவதே சரி.

மேட்டைவிடப் புல்தான் தின்னும்

விற்பனையாளர்கள் பேட்டரியை '18 குழி', '36 குழி' என்று பெயர் சொல்லி விற்பார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டியது வாட்-மணி. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைக்கும். பழைய ஈய-அமில பேட்டரி, 12 வோல்ட், 33 ஆம்பியர்-மணி என்றால் 396 வாட்-மணி. 24 வோல்ட், 16 ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் 384. தாளில் ஏறக்குறைய சமம். ஆனால், ஈய பேட்டரியின் எடை 10 கிலோவைத் தாண்டும். லித்தியம் 3 கிலோ அளவில் முடிந்துவிடும். ஈய பேட்டரியை அடிமட்டம்வரை தீர்த்தால் ஆயுள் குறையும் என்பதால் முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தவும் முடியாது. இன்று புதிதாக வாங்குகிறவர் லித்தியத்தைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய பேட்டரி தேவையா என்பதற்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் போதும். பை, வண்டி, பேட்டரி எல்லாம் சேர்ந்து 35 கிலோ. ஒரு சுற்றில் மொத்தமாக 100 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்தால் அதற்கு வேண்டிய ஆற்றல் 10 வாட்-மணிக்கும் குறைவு. மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. மிச்ச மின்சாரம் புல்லின் இழுவைக்குப் போகிறது. நனைந்த தரையில் சக்கரம் புதைய, இழுவை இன்னும் கூடும். ஆகவே, மழைக்காலத்தில் அதே வண்டி, அதே மைதானத்தில் சீக்கிரம் களைத்துப்போகும். மேடுகள் கேட்பது பெரிய பேட்டரியைவிட வலுவான மோட்டாரை. ஈரத்தரையும் ஒரே நாளில் இரண்டு சுற்றும்தான் பெரிய பேட்டரியைக் கேட்கும்.

பிரிட்டிஷ் குளிர்காலத்தில் இன்னொரு செலவும் உண்டு. ஈரத்தரை கெடாமலிருக்க, அகலம் குறைந்த முனைகள் பதித்த 'முள்ளெலி' சக்கரங்களை மாட்டினால்தான் டிராலிக்கு அனுமதி என்று பல கிளப்புகள் சொல்லிவிடும். தரை மிகவும் மோசமானால் டிராலிக்கே தடை. வாங்கும் வண்டிக்கு அந்தச் சக்கரம் கிடைக்குமா என்று அங்கே ஆடுகிறவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

நம் ஊரில் எதிரி வெப்பம். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் லித்தியம் பேட்டரியைப் போட்டுவைத்தால் ஆயுள் தேயும். ஆட்டம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைப்பது நல்லது. மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைக்கலாம்.

டிக்கியும் விமானமும்

கடையில் பளபளக்கும் வண்டி காரில் நுழையாவிட்டால் என்ன பயன்? மடித்த நிலையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டு டிக்கியை அளக்க வேண்டும். பைக்கும் இடம் மிஞ்ச வேண்டும். இரண்டு மோட்டார் இருப்பதால் ரிமோட் வண்டி சாதாரண டிராலியைவிடக் கனம். முதுகுவலிக்காக வாங்கிய வண்டியை டிக்கிக்குத் தூக்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டால் கதை கெட்டது. பேட்டரியைக் கழற்றித் தனியாகத் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்ப்பது உத்தமம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வர நினைப்பவர்களுக்கு ஒரு தடை காத்திருக்கிறது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு வழக்கமான வரம்பு 100 வாட்-மணி. விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு 160 வரை போகலாம். டிராலி பேட்டரிகளோ பெரும்பாலும் அதைத் தாண்டியவை. கைப்பையிலும் வராது, செக்-இன் பெட்டியிலும் வராது. லண்டனிலோ மெல்போர்னிலோ வாங்கிய வண்டி சென்னை வந்து சேரலாம். அதன் பேட்டரி வராது.

விதிகளிலும் ஒரு கண் வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகளின்படி, அடித்த பந்து தற்செயலாகத் தன் டிராலியில் பட்டாலும் தண்டனை இல்லை. டிராலித் திரையில் ஜிபிஎஸ் தூரம் பார்ப்பதும் பொதுவாகச் செல்லும். ஆனால், ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுத் தூரத்தைத் திருத்திச் சொல்லும் வசதியைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. அந்த வசதியை அணைத்து வைக்க முடிகிற வண்டியாகப் பார்ப்பது போட்டிகளில் ஆடுகிறவருக்கு நல்லது.

கேடி இருக்கிற ஊரில்

இந்தியாவில் கணக்கே வேறு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கிளப்பான ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் தொடங்கிய ஆண்டு 1829. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் வந்தது. கல்கத்தாவிலிருந்து கொடைக்கானல்வரை பெரும்பாலான கிளப்புகளில் பை சுமப்பவர் இன்னமும் மனிதர்தான். அவர் வெறும் சுமைதூக்கியும் அல்லர். காற்றின் போக்கு, குழியைச் சுற்றியுள்ள கிரீனின் சாய்வு, எந்தக் குழிக்கு எந்த மட்டை என்று அந்த மைதானத்தின் ரேகையெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் ஒரு கிளை அந்த வரிசையிலிருந்தே முளைத்தது. கேடியாக இருந்து ஆட்டக்காரரான அலி ஷேர் 1991-இல் இந்திய ஓபனை வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். மைதானத்தில் நின்று, பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள் இவர்கள். பையை மோட்டார் சுமக்கத் தொடங்கினால் அந்த வாசலும் ஒடுங்கும்.

கொடைக்கானல்போல மேடும் இறக்கமுமான மைதானத்தில், காட்டெருமைகூட வந்து மேய்கிற இடத்தில், பின்தொடரும் டிராலி தடுமாறும். கேடி தடுமாற மாட்டார். வண்டி பழுதானால் உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆகவே, தீர்ப்பு ஊரைப் பொறுத்தது. கேடி கிடைக்கிற கிளப்பில் ஆடுகிறவர் அவரை அமர்த்திக்கொள்வதே லாபம். ஆட்டமும் மேம்படும், ஒரு குடும்பத்துக்கு வருமானமும் போகும். கேடி இல்லாத நாட்டில், சமதரை மைதானத்தில் ஆடுகிறவருக்குச் சாதாரண மின் டிராலி போதும். ரிமோட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது ஆசைக்காக மட்டுமே. மேடும் சரிவும் உள்ள மைதானம், தோளிலோ முதுகிலோ தொல்லை, வாரம் ஒரு முறையாவது ஆட்டம் என்ற மூன்றும் சேர்ந்தவருக்குத்தான் ரிமோட் வண்டி தன் விலையைத் திருப்பித் தரும். அவர் கேட்க வேண்டியவை: இரண்டு மோட்டார், நேராகச் செலுத்தும் ஜைரோ, இறக்கத்துக்கு பிரேக், நான்காவது சக்கரம், கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி, பக்கத்து ஊரிலாவது ஒரு சர்வீஸ் மையம். பணம் கட்டுவதற்கு முன், தன் மைதானத்தில் ஆகப் பெரிய மேட்டிலும் ஆகச் சரிந்த பக்கவாட்டிலும், நிறைந்த பையோடு, அந்த வண்டியை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம்.